கடமை வழியும் கால்வழியும்



ஊர்விட்டு ஊர் செல்வோர் பலவகையினர். வாணிகத்தின் பொருட்டுச் செல்வோர் உளர். கல்வியின் பொருட்டுச் செல்வோர் உளர். திருத்தலங்களைக் காணச் செல்வோர் உளர். பணிபுரியும் நிறுவனம் அனுப்பச் செல்வோரும் உளர். இவருள் இறுதியாகக் கூறப்பட்டவரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அலுவற் பயணம் என்றவுடன் நம்மிற் பலர்க்கு ஒருவகைச் சலிப்புத் தோன்றுகிறது. புகைவண்டி நிலையம், தங்கும் விடுதி, கூட்டம் நடைபெறும் மண்டபம், மீண்டும் புகைவண்டி நிலையம் என்ற இந்நான்கையும் தவிர வேறொன்றையும் காணாது திரும்புவோர் மிகப் பலர். சென்ற ஊரின் பெயர் பயணப்படிக் கணக்கில் மட்டும் எஞ்சி நிற்கும்.

கடமைக்காகச் செல்லும் வழியிலேயே நம் முன்னோர் நடந்த வழியையும் காணலாம். நெடுநாட் பிரிந்த நண்பரையும் சந்திக்கலாம். இம்மூன்றும் ஒன்றையொன்று கெடுப்பன அல்ல. முறையறிந்து செய்தால் ஒன்றையொன்று வளர்ப்பன. இதனை நூல்களில் கற்ற செய்தியாக அன்றி, என் சொந்த வாழ்வில் கண்ட செய்தியாகவே உங்கள்முன் வைக்கின்றேன்.

நான் வேளாண்மைக் கல்லூரியொன்றில் மண்ணியல் பயிற்றுபவன். மழைநீர் மலைச்சரிவுகளின் மேல்மண்ணை அரித்துச் செல்வதை எவ்வாறு தடுப்பது என்பதே என் ஆய்வுப் பொருள். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், இலங்கையிலுள்ள பேராதனையில் இப்பொருள் குறித்துப் பத்து நாட்கள் நடைபெற்ற பயிற்சி வகுப்பில் கலந்துகொள்ளுமாறு என் கல்லூரி என்னை அனுப்பியது. ஆணையைப் படித்தபோது என் உள்ளத்தில் இரண்டு எண்ணங்கள் எழுந்தன. ஒன்று, மண்ணைப் பற்றியது. மற்றொன்று, என் தந்தையாரைப் பற்றியது. என் தந்தையார் பிறந்தது அந்நாட்டு மலைகளிலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில்.

லயம் என்னும் சொல்லை உங்களிற் பலர் இசையோடு சேர்த்தே அறிந்திருப்பீர்கள். தேயிலைத் தோட்டத்தில் அச்சொல்லுக்கு வேறு பொருள். ஒரே நீண்ட கூரையின்கீழ், ஓர் அறைக்கு ஒரு குடும்பமாக அடுத்தடுத்து அமைந்த வரிசை வீடுகளையே அங்கு லயம் என்பர். அவ்வீடுகளில் வாழ்ந்தோர் யாவர், எவ்வாறு அங்கே சென்றனர் என்பதைச் சுருக்கமாகவேனும் அறிந்தால்தான் மேலே நான் கூறப்போவது விளங்கும்.

இலங்கையின் நடுவே உயர்ந்து நிற்கும் மலைநாட்டில் 1820களில் காப்பித் தோட்டங்கள் தோன்றலாயின. காட்டை வெட்டவும், காப்பிக்கொட்டை பறிக்கவும் ஆட்கள் வேண்டியிருந்தது. திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி முதலிய பகுதிகளிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் நலிந்த மக்கள் கங்காணிகளின் பின்னே புறப்பட்டனர். கடற்கரை வரை நடை, மன்னார்வரை தோணி, அங்கிருந்து காட்டுவழியே மாத்தளை வரை மீண்டும் நடை. அவ்வழியில் வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டவர் பலர். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரை என்னும் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். 1869ஆம் ஆண்டில் காப்பிச் செடிகளை இலைத்துரு நோய் பற்றியது. நாளடைவில் காப்பி அழிந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. காப்பி பருவப் பயிர். பறிப்புக் காலம் முடிந்தால் ஆட்கள் ஊர் திரும்பலாம். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆகவே மக்கள் குடும்பத்தோடு அங்கேயே தங்கினர். 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்போக்குவரத்து ஏற்பட்டபின் கடல்வழி எளிதாயிற்று; லயங்கள் நிறைந்தன.

இனி, நாட்டுரிமை பற்றிய வரலாறு. 1948ஆம் ஆண்டில் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தின் விளைவாக இம்மக்களிற் பெரும்பாலோர் எந்நாட்டுக் குடிமக்களும் அல்லராயினர். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் இந்தியப் பிரதமர் இலால் பகதூர் சாஸ்திரியாரும் இலங்கைப் பிரதமர் சிறீமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். நாட்டுரிமையற்ற 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது. 3,00,000 பேரை இலங்கை ஏற்பது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்பன அதன் கூறுகள். 1974ஆம் ஆண்டில் அவ்வெஞ்சிய தொகையையும் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. உடன்பாட்டில் எண்களே இருந்தன. அவ்வெண்களுக்குள்ளே அண்ணன் ஒருபுறமும் தங்கை மறுபுறமுமாகப் பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ!

எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. என் பாட்டனார் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். என் பெரிய அத்தையின் கணவர் வீட்டாரோ இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தனர். 1973ஆம் ஆண்டில் பாட்டனாரும், இருபது வயதினராயிருந்த என் தந்தையாரும் தலைமன்னாரில் இராமானுஜம் என்னும் கப்பலேறி இராமேசுவரம் வந்திறங்கினர். மண்டபம் முகாமில் சில வாரங்கள் தங்கியபின், நீலகிரியிலே தாயகம் திரும்பியோர்க்கென அரசு அமைத்த தேயிலைத் தோட்டத்தில் வேலை பெற்றனர். முதலில் கோத்தகிரிப் பக்கம். ஐந்தாண்டுகளுக்குப் பின் கூடலூர்ப் பக்கம். நான் பிறந்து வளர்ந்தது கூடலூரில்.

தாயை இழந்த என் தந்தையாரைச் சிறுவயது முதல் வளர்த்தவர் பெரிய அத்தையே. அவரிடமிருந்து முதல் நான்கு ஆண்டுகள் கடிதம் வந்துகொண்டிருந்ததாம். 1977ஆம் ஆண்டுக்குப் பின் நின்றுவிட்டது. தந்தையார் தோட்டத்து முகவரிக்குப் பல கடிதங்கள் எழுதினார். ஒன்றுக்கும் மறுமொழி இல்லை. தம்மை விட்டுப் போனதற்காக அக்கா சினம் கொண்டுவிட்டார் என்று அவர் முடிவு செய்துகொண்டார். நாற்பதாண்டுகள் அந்நினைவு அவரை அரித்துக்கொண்டே இருந்தது. நான் இலங்கைக்குப் போவதை அறிந்ததும், “முடிந்தால் அக்காவைப் பற்றிக் கேட்டு வா” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இவ்விடத்தில் உங்களுக்கு ஒரு முறையைக் கூற வேண்டும். அலுவற் பயணத்தோடு சொந்தக் காரியத்தைச் சேர்ப்போர் முதலில் எல்லைக்கோடு ஒன்றைக் கிழித்துக்கொள்ளல் வேண்டும். பிறர் பணத்தில் பிறர் வேலைக்காகச் செல்கிறோம். அந்நாட்கள் நம்முடையன அல்ல. ஆதலின் பயிற்சி முடிந்தபின் மூன்று நாட்களுக்கு விடுப்பு வேண்டும் என்று எழுதிக் கேட்டேன், அம்மூன்று நாட்களின் செலவு என்னுடையது என்றும் எழுதினேன், முதல்வர் இசைந்தார். இவ்வாறு வெளிப்படையாகக் கேட்டுப் பெற்றால் உள்ளத்தில் உறுத்தல் இராது. பத்து நாட்களும் வகுப்பில் கருத்தைச் செலுத்தவும் முடியும்.

அடுத்தது ஆயத்தம். வேர்களைத் தேடுவோர்க்கு மூன்று கருவிகள் உண்டு: ஏடு, வாய்மொழி, நிலப்படம். மூன்றும் ஒத்துப்போனால்தான் இடம் அகப்படும். எங்கள் வீட்டுப் பெட்டியில் தந்தையாரின் பழைய கடவுச்சீட்டு இருந்தது. கண்டியில் வழங்கப்பட்ட அச்சீட்டில் பிறந்த இடமாகத் தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் எழுதப்பட்டிருந்தது. தந்தையாரோ அத்தோட்டத்தை ஒருநாளும் அப்பெயரால் குறித்ததில்லை. மலைநாட்டுத் தோட்டங்களுக்குத் துரைமார் இட்ட பெயர் ஒன்றிருக்கும்; தொழிலாளர் நாவில் வழங்கும் தமிழ்ப்பெயர் வேறொன்றிருக்கும். கணக்கேட்டில் முன்னதும் தாலாட்டில் பின்னதும் வழங்கும். இரண்டையும் குறித்துக்கொண்டேன். இக்கால நிலப்படங்களில் தேடினால் இரண்டுமே இல்லை!

தந்தையாரிடம் ஒருநாள் மாலை முழுவதும் உட்கார்ந்து கேட்டேன். லயத்திலிருந்து பார்த்தால் எந்த மலை தெரியும்? பிரட்டுக் களம் எந்தப் பக்கம்? பிரட்டுக் களம் என்பது நாள்தோறும் காலையில் பேர் பதிந்து வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். கோயில் எங்கே? ஆற்றைத் தாண்டிப் போனீர்களா, தாண்டாமலா? இக்கேள்விகளுக்கு அவர் தயக்கமின்றி விடை கூறினார். கண்ணை மூடிக்கொண்டு கையாலேயே வழியைக் காட்டினார். அவர் கூறியவற்றை ஒரு தாளில் படமாக வரைந்துகொண்டேன்.

பேராதனை மகாவலி ஆற்றின் வளைவில் அமைந்த அழகிய ஊர். 1821ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தாவரவியற் பூங்கா அங்குள்ளது. 1942ஆம் ஆண்டில் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952ஆம் ஆண்டில் இங்குப் பெயர்ந்து வந்தது. பயிற்சி நாட்களில் காலை முதல் மாலை வரை வகுப்பு; இடையே இரு நாட்கள் மலைச்சரிவுகளில் களப்பணி.

அங்கே எனக்கு ஒரு நண்பர் இருந்தார். அவர் சிங்களவர், பத்தாண்டுகளுக்கு முன் ஐதராபாத்தில் ஒரு பயிற்சியின்போது என்னோடு ஓரறையில் தங்கியவர். கடிதத்தாலும் தொலைபேசியாலும் வளர்ந்த நட்பு அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தம் வீட்டிற்கு அழைத்துச் சென்றார். அவருடைய அன்னையார் தேங்காய்ப்பாலில் அரிசியை வேகவைத்துத் துண்டங்களாக அறுத்த பாற்சோறு பரிமாறினார். நல்ல நாட்களிலும் விருந்தினர் வந்தபோதும் அவர்கள் சமைக்கும் உணவு அது. உணவுக்குப் பின் என் தாளை நண்பரிடம் காட்டினேன். தோட்டத்தின் இரு பெயர்களையும் கூறினேன்.

அவர் சிறிது எண்ணிப் பார்த்து, “உம்மிடம் இரண்டு பெயர்கள் உள்ளன; மூன்றாவது பெயர் ஒன்றும் இருக்கும்” என்றார். அஃது எவ்வாறு என்றேன். “தோட்டத்தைச் சுற்றிச் சிங்களக் கிராமங்கள் உண்டு, அவர்கள் ஒரு பெயரிட்டு அழைப்பார்கள், பேருந்தின் பலகையில் அப்பெயரே இருக்கும்” என்றார். மறுநாள் நூலகத்தில் ஓர் அங்குலத்திற்கு ஒரு மைல் என்ற அளவில் வரையப்பட்ட பழைய நிலப்படத் தாள்களை எடுத்துக் கொடுத்தார். அவற்றிலே கடவுச்சீட்டில் கண்ட ஆங்கிலப் பெயர் இருந்தது! 1975ஆம் ஆண்டில் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையானபின் அத்தோட்டம் அண்டைத் தோட்டத்தோடு இணைந்துவிட்டது, பெயரும் மறைந்துவிட்டது. அருகிலுள்ள ஆற்றையும் மலையையும் கொண்டு சிங்களப் பெயரை நண்பர் கண்டுபிடித்தார். என் தந்தையார் கையால் காட்டிய வழி அந்நிலப்படத்தோடு முற்றும் பொருந்தியிருந்தது. ஒரு தமிழ்க் குடும்பத்தின் ஊரைக் கண்டெடுக்க ஒரு சிங்கள நண்பரின் அறிவு துணையாயிற்று. இரு இனத்தாரிடையே நீண்ட பகை மூண்டு ஆறாத் துயர் விளைந்த அந்நாட்டில் இதனை நான் சிறிய செய்தியாகக் கருதவில்லை.

பயிற்சி முடிந்த மறுநாள் விடியற்காலையில் இருவரும் புகைவண்டியேறினோம். நாவலப்பிட்டியைக் கடந்ததும் வண்டி மலையேறத் தொடங்கியது. அட்டனுக்கு அப்பால் இருபுறமும் தேயிலையே. தலவாக்கலையில் இறங்கினோம். மூன்றாம் பெயர் எழுதிய பேருந்து அங்கே நின்றுகொண்டிருந்தது. தோட்டத்தின் பெயரை நான் இங்குக் கூறாமைக்குக் காரணம், அங்கு வாழ்வோர் எவரும் வானொலியில் தம்மைப் பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்கவில்லை என்பதே.

நண்பர் கூறியபடி முதலில் தோட்ட அலுவலகத்திற்குச் சென்று வந்த காரியத்தைச் சொல்லி இசைவு பெற்றோம். பின் கோயிலை நோக்கி நடந்தோம். மாரியம்மன் கோயில் தந்தையார் கூறிய இடத்திலேயே இருந்தது. திண்ணையில் முதியவர் ஒருவரும் மூதாட்டி ஒருவரும் அமர்ந்திருந்தனர். மூதாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்து, “யாரு வீட்டுப் புள்ள ராசா?” என்று கேட்டார்.

நேயர்களே! நான் பல நாடுகளின் அலுவலர் முன் என் பெயரையும் பதவியையும் கூறியிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு அவையொன்றும் விடையாகா. பாட்டனார் பெயரைச் சொன்னேன். மூதாட்டி முகம் மாறியது. “கான்வெட்டுக்காரர் பேரனா?” என்றார்.

கான் என்பது தேயிலைச் சரிவின் குறுக்கே வெட்டப்படும் வடிகால். மழைநீர் நேரே கீழ்நோக்கிப் பாய்ந்து மண்ணை வாரிச் செல்லாதவாறு அதனைத் தடுத்து, மெல்லப் பக்கவாட்டில் நடத்திச் செல்வது அது. என் பாட்டனார் தோட்டத்தில் வேலை செய்தார் என்பதை அறிவேன். கானை வெட்டினார் என்பதை அன்றுதான் அறிந்தேன். தாம் செய்த வேலையைப் பற்றி அவர் வீட்டில் பேசியதே இல்லையாம். அருகிலிருந்த முதியவர் எழுந்து, கோலூன்றி எங்களைச் சரிவுக்கு அழைத்துச் சென்றார். “இந்த மலைக்கானெல்லாம் உங்க தாத்தா கொந்தரப்பு எடுத்து வெட்டினது, தம்பி. நான் அவருகிட்டதான் மண்வெட்டி புடிக்கக் கத்துக்கிட்டேன்” என்றார். கொந்தரப்பு என்பது ஒப்பந்த வேலைக்கு அங்கு வழங்கும் சொல்.

குனிந்து பார்த்தேன். கானின் சரிவு மிக மெல்லியதாய் இருந்தது. அடியில், சில அடிகளுக்கு ஒன்றாகத் தாழ்ந்த மண்ணணைகள் விடப்பட்டிருந்தன. ஓடிவரும் மண் அவற்றிலே படியும். தெளிந்த நீர் மேலே வழிந்தோடும். படிந்த மண்ணை அள்ளிச் செடியின் தூரில் இடுவர். பத்து நாட்களாக வகுப்பிலே படமாகவும் கணக்காகவும் கற்றது இதுவே. “தண்ணி ஓடினா மண்ணு போகும், தண்ணி நின்னா மலை போகும். ரெண்டுக்கும் நடுவுல வெட்டணும்னு உங்க தாத்தா சொல்லுவாரு” என்றார் முதியவர். நீர் விரைந்தோடினால் மண்ணரிப்பு. தேங்கினால் சரிவு நீரால் கனத்து மண்சரியும். நாங்கள் பல பக்கங்களில் எழுதும் உண்மை அவ்விரு தொடர்களில் அடங்கிவிட்டது. எழுத்தறியாத என் பாட்டனாரும் மண்ணியல் கற்ற நானும் ஒரே தொழிலைச் செய்தவர்கள் என்பதை அச்சரிவில் நின்று உணர்ந்தேன்.

அத்தையைப் பற்றிக் கேட்டேன். மூதாட்டி அத்தையோடு ஒரே நிரையில் நின்று கொழுந்து பறித்தவர். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது மலைநாட்டுத் தமிழர் பலர் அஞ்சி வடக்கே சென்றனர். அத்தையின் குடும்பமும் வவுனியாவுக்குச் சென்றதாம். 2004ஆம் ஆண்டில் அத்தை நோயுற்று அங்கே காலமானார் என்று மூதாட்டி மெல்லக் கூறினார். என் கையைப் பற்றிக்கொண்டே கூறினார். சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

பின்னர், அத்தையின் மகள் அட்டனில் வாழ்கிறார் என்றும், ஆண்டுதோறும் கோயில் திருவிழாவுக்குத் தோட்டத்திற்கு வருபவர் என்றும் சொன்னார். தோட்டத்துக் கடைக்காரரிடம் அவருடைய தொலைபேசி எண் இருந்தது. மறுநாள் காலை அட்டனில் மதினியின் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் பள்ளி ஆசிரியை. நான் யாரென்று கூறியதும் உள்ளே சென்று ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னே வைத்தார். அதில் மூன்று கடித உறைகள் இருந்தன. அத்தை வவுனியாவிலிருந்து கோத்தகிரி முகவரிக்கு எழுதியவை. பெறுவோர் அங்கில்லை என்ற முத்திரையோடு மூன்றும் திரும்பி வந்திருந்தன. தந்தையார் குடும்பம் அதற்குள் கூடலூருக்குப் பெயர்ந்துவிட்டது. தந்தையார் எழுதிய கடிதங்களோ, அத்தை நீங்கிய தோட்டத்திற்கே சென்றுகொண்டிருந்தன. ஒருவரையொருவர் மறந்துவிட்டதாக இருவரும் எண்ணிக்கொண்டிருந்தனர். உண்மையில் இருவரும் எழுதிக்கொண்டே இருந்தனர்.

அங்கிருந்தே தந்தையாரோடு தொலைபேசியில் பேசினேன். அத்தை காலமானதைக் கூறினேன். உறைகளைப் பற்றியும் கூறினேன். நெடுநேரம் கழித்து அவர், “அப்படியானால் அக்கா எழுதியிருக்கிறார்” என்றார். அவருக்கு வேண்டியிருந்தது அச்சொல்லே. மதினி தொலைபேசியை வாங்கி, “மாமா” என்று அழைத்தார். நானும் நண்பரும் எழுந்து வாசலுக்குச் சென்றோம்.

மூன்று உறைகளில் ஒன்றை மதினி என் தந்தையாருக்கென்று கொடுத்தனுப்பினார். இரண்டைத் தாமே வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் மாலை கொழும்பு வந்து விமானமேறினேன்.

ஊர் திரும்பியபின் கல்லூரிக்கு எழுதிய பயிற்சி அறிக்கையில், மலைக்கான் பற்றித் தோட்டத் தொழிலாளர் வாய்மொழியாக அறிந்திருப்பனவற்றை ஒரு தனிப்பகுதியாகச் சேர்த்தேன். விடுப்பு நாட்களிற் கண்டது என்பதையும் அதில் குறித்தேன். இவ்வாறு என் சொந்தத் தேட்டம் என் தொழிலுக்கும் உதவிற்று. மண்ணியல் கற்றிராவிடில் பாட்டனார் வெட்டிய கானைச் சாதாரணப் பள்ளம் என்றே கடந்து சென்றிருப்பேன். பாட்டனாரைத் தேடிச் சென்றிராவிடில் அக்கானின் நுட்பத்தை வெறும் படமாகவே அறிந்திருப்பேன்.

மாணவ நண்பர்களே! உங்களுள் ஒவ்வொருவர் வீட்டிலும் இத்தகைய வரலாறு ஒன்று உறங்குகின்றது. சிலருடைய முன்னோர் பர்மாவிற்கும் மலேயாவிற்கும் சென்றிருப்பர். சிலர் முன்னோர் ஓர் ஆற்றைத் தாண்டி அடுத்த ஊருக்கு மட்டும் பெயர்ந்திருப்பர். தொலைவு பெரிதன்று. நாளை உங்கள் கல்வியும் தொழிலும் உங்களைப் பல ஊர்களுக்கு அனுப்பும். அப்போது பயன்படுமாறு சிலவற்றை இன்றே செய்து வையுங்கள்.

வீட்டிலுள்ள முதியோரிடம் ஊர்ப்பெயர்களையும் ஆட்பெயர்களையும் அவர்கள் ஒலிக்கும் வண்ணமே கேட்டு எழுதுங்கள், திருத்தி எழுதாதீர்கள். ஓரூர்க்குப் பல பெயர்கள் இருக்கலாம், எல்லாவற்றையும் குறியுங்கள். பழைய கடவுச்சீட்டு, பங்கீட்டு அட்டை, கடித உறை ஆகியவற்றைக் குப்பையென்று எறியாதீர்கள். உறையின்மேல் உள்ள முத்திரையும் ஒரு சான்றே. முன்னோர் பெயரோடு அவர்கள் செய்த தொழிலையும் கேளுங்கள். குலப்பெருமை பேசுவதற்காக வேர்களைத் தேடுவோர் உளர். அத்தேட்டம் மனிதரை மனிதரிடமிருந்து பிரிப்பது. உழைப்பை அறிவதற்காகத் தேடுங்கள், அது சேர்ப்பது.

பிறர் வாழும் இடத்திற்குச் செல்லும்போது இசைவு பெற்றுச் செல்லுங்கள். பேச விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள். செய்ய இயலாத உதவியைச் செய்வதாக வாக்களிக்காதீர்கள். வெளியூர் நண்பர்களைப் போற்றுங்கள். வேற்று மொழி பேசும் நண்பராயின் மேலும் போற்றுங்கள். நம் மொழியில் இல்லாத மூன்றாம் பெயரை அறிந்தவர் அவரே.

இவை அனைத்திற்கும் மேலாக ஒன்று: காலம் கடத்தாதீர்கள். நிலப்படம் நூலகத்தில் காத்திருக்கும். முதியோர் நினைவு காத்திராது. நான் பதினைந்தாண்டுகள் முன்னே பிறந்து, அப்பணியும் அப்போதே வாய்த்திருந்தால் அத்தையை நேரில் கண்டிருக்கக் கூடும். அது என் கையில் இருந்ததன்று. கேட்பதோ உங்கள் கையில் உள்ளது. இன்றிரவு உணவின்போது உங்கள் பாட்டியார் அருகே அமர்ந்து, அவர் பிறந்த வீட்டின் வாசல் எத்திசை நோக்கியிருந்தது என்று கேட்டுப் பாருங்கள். மற்றவை தாமே வரும்.